மண் தோண்டும் இறக்கை

நெய்வேலி சுரங்கத்தைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் பக்கெட் வீல் எந்திரத்தின் அளவைப் பார்த்துத்தான் வாய் பிளப்பார்கள். ஒரே வாளியில் 1,400 லிட்டர் மண் அள்ளும் ரகம் இங்கே ஓடுகிறது. அந்த வாளிகளை விளிம்பில் வரிசையாகக் கோத்த ராட்சதச் சக்கரம் சுற்றச் சுற்ற, செம்மண் மதில் சரிந்து கன்வேயரில் விழுகிறது. பார்த்தவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

சக்கரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் நீண்ட கையை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் அதை ‘பூம்’ என்பார்கள். உற்றுப் பார்த்தால் அதில் இரும்பைவிட ஓட்டைதான் அதிகம். நாலு மூலையில் நாலு நீளக் கம்பங்கள், நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள், மேலே கோபுரத்திலிருந்து இழுத்துக் கட்டிய தாங்கு கம்பிகள். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள எந்திரத்தில், இந்த ஒரு இடத்தில் மட்டும் இரும்பை எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? பூமின் நுனியில் ஒரு டன் கூடினால் கதை அங்கே முடியாது. அந்த ஒரு டன்னைச் சமன் செய்ய பின்பக்க எதிர் எடையைக் கூட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து எந்திரம் திரும்பும் பெரிய பால் பேரிங்கை அழுத்தும். பேரிங் பெரிதானால் அடிச்சட்டம் பெரிதாகும். அடிச்சட்டம் கனத்தால் கிராலர் பட்டைகள் கூடுதலாக வேண்டும்; இல்லாவிட்டால் மழைக்கால நெய்வேலிக் களிமண்ணில் எந்திரம் புதையும். நுனியில் போட்ட ஒரு டன், தரைக்கு வந்து சேரும்போது பல டன்னாகிவிடுகிறது.

விமானத்தில் இதே கணக்கு இன்னும் கொடூரமானது. இறக்கையின் உள்ளே, உடலிலிருந்து நுனிவரை ஓடும் உலோக விட்டத்துக்கு ‘ஸ்பார்’ என்று பெயர். அதில் ஒரு கிலோ கூடினால் அதைத் தூக்கக் கூடுதல் இறக்கைப் பரப்பு, அதைத் தள்ளக் கூடுதல் எரிபொருள், எரிபொருளைச் சுமக்க இன்னும் வலுவான ஸ்பார், தரையிறங்கும்போது எல்லாவற்றையும் தாங்க இன்னும் கனமான சக்கரக் கால்கள். வட்டிக்கு வட்டி போல ஏறும் எடை இது. எனவே விமானம் கட்டுபவர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் சண்டை போடுகிறார்கள்.

ஒரு நிலக்கரி ஊரைப் பற்றிய கட்டுரையில் விமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறது. சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் சொந்த ஓடுதளம். வாயுதூத் விமான நிறுவனத்தின் காலத்தில் சிறு விமானங்கள் வந்து இறங்கிய இடம். 2017-ல், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் ‘உடான்’ திட்டப் பட்டியலில் நெய்வேலியின் பெயர் வந்தபோது ஊரே பேசியது. பிறகு ஆண்டுகள்தான் பறந்தன.

1981-ல் தொடங்கிய வாயுதூத், சிற்றூர்களை இணைப்பதற்காக வாங்கிய விமானங்களில் முக்கியமானது 19 பேர் அமரும் டோர்னியர் 228. ஜெர்மன் வடிவமைப்பு; 1983-ல் உரிமம் பெற்று கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) கட்டத் தொடங்கியது. நெய்வேலிச் சுரங்கத்தின் பக்கெட் வீல் எந்திரங்களும் ஜெர்மன் மரபில் வந்தவைதான். நிலக்கரியைத் தோண்ட எஃகுக் கை செய்த நாடுதான் வானில் ஏற அலுமினிய இறக்கையும் செய்தது. இரண்டுக்கும் அடியில் ஒரே பொறியியல் சிந்தனை ஓடுகிறது.

தென்னை மட்டை சொல்லும் பாடம்

கடலூர் மாவட்டத்தில் தென்னை மட்டையைக் கையில் எடுக்காதவர் இருக்க முடியாது. மரத்தை ஒட்டிய அடிப்பகுதி அகலமாக, தடிமனாக, குழிந்து இருக்கும். நுனிக்குப் போகப் போக மெலிந்துவிடும். புயல் காற்று முழு ஓலையையும் உலுக்கும்போது அதிகம் வளைக்கப்படுவது அடிதான் என்பதால் மரம் சரக்கை அங்கே குவித்திருக்கிறது. இறக்கையின் ஸ்பாரும் அப்படியே: உடலோடு சேரும் இடத்தில் பருமன், நுனியில் கிட்டத்தட்ட வெறும் தகடு.

காற்று இறக்கையை மேல்நோக்கித் தூக்குகிறது. விமானத்தின் உடல் கீழ்நோக்கி இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்பார் மேல்நோக்கி வளைகிறது. வளையும்போது அதன் மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும், நடுப்பகுதி அநேகமாகச் சும்மா இருக்கும். சும்மா இருப்பவனுக்கு ஏன் சம்பளம்? அதனால் நடுவிலிருக்கும் உலோகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டையும் இணைக்க மெல்லிய நடுத்தகடு என்று அமைக்கிறார்கள். கட்டட வேலையில் எல்லோரும் பார்க்கும் ‘ஐ பீம்’ இதுதான்.

இரு பட்டைகளுக்கும் இடையிலுள்ள உயரத்தை இரட்டிப்பாக்கினால், அதே பட்டைகள் இரு மடங்கு வளைவைத் தாங்கும். விறைப்பு நான்கு மடங்காகும். அப்படியானால் இறக்கையைத் தடிமனாகச் செய்துவிட வேண்டியதுதானே? காற்றியல்காரர்கள் விடமாட்டார்கள். தடித்த இறக்கை காற்றைத் தடுக்கும், வேகம் போகும், எரிபொருள் கரியும். கட்டமைப்புக்காரர் உயரம் கேட்பார், காற்றியல்காரர் மெலிவு கேட்பார். உலகின் எல்லா விமான நிறுவனங்களிலும் இந்தச் சண்டை நடந்துகொண்டேயிருக்கிறது.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டோர்னியர் போன்ற விமானத்தின் எடை ஏறக்குறைய 6.4 டன். கடும் காற்றடியில் அதன் எடையின் மூன்று மடங்கு இறக்கையில் ஏறுவதாக வைத்துக்கொண்டால் 19 டன். விதிப்படி அதன் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும். 29 டன்னை ஒட்டி வருகிறது. ஒரு பக்க இறக்கைக்குப் பதினான்கு டன். அது உடலின் நடுக்கோட்டிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி மேல்நோக்கி இழுக்கிறது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஸ்பாரின் உயரம் ஒரு முழம் என்றால், மேல்பட்டையை நசுக்கும் விசையும் கீழ்ப்பட்டையை இழுக்கும் விசையும் தலா 100 டன்னைத் தாண்டுகின்றன.

நூறு டன் என்றதும் ரயில் தண்டவாளம் போல ஏதோ தேவைப்படும் என்று தோன்றும். உயர்தர அலுமினியக் கலவையில் 4 செ.மீ.க்கு 5 செ.மீ. குறுக்குவெட்டுள்ள பட்டை ஒன்று, உடையும் தறுவாய்வரை அந்த இழுப்பைத் தாங்கிவிடும். நிஜ இறக்கையில் இரண்டு ஸ்பார்களும் இறக்கையின் தோலும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதால் கணக்கு மாறும். ஆனால் அளவு பற்றிய ஒரு புரிதல் இதிலிருந்து கிடைத்துவிடுகிறது.

சுரங்கத்துப் பூமுக்கும் இறக்கைக்கும் ஒரு முக்கிய வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். பூம் தனியாக நிற்பதில்லை. கோபுரத்திலிருந்து வரும் தாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த வகையில் அது பழைய இரட்டை இறக்கை விமானத்தின் உறவு. 1896-ல் ஆக்டேவ் ஷனூட் என்ற அமெரிக்கர் தன் கிளைடரின் இரு இறக்கைகளையும் கம்பிகளாலும் கழிகளாலும் பாலத்துச் சட்டகம் போல இணைத்தார். அவர் தொழிலால் பாலம் கட்டும் பொறியாளர். மிசூரி ஆற்றின் குறுக்கே 1869-ல் கான்சஸ் சிட்டி பாலத்தைக் கட்டியவர். ரைட் சகோதரர்கள் அந்தச் சட்டகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மனிதன் பறக்கத் தொடங்கியது ரயில் பாலத்தின் கணக்கை வைத்துத்தான்.

கம்பிகளைக் கழற்றிவிட்டு, இறக்கையைத் தன் சொந்தக் காலில் நிற்கவைக்க உலோகம் வேண்டியிருந்தது.

சனிக்கிழமையும் திங்கட்கிழமையும்

வெறும் அலுமினியம் மிருதுவானது. சமையலறைப் பாத்திரத்துக்குச் சரி, இறக்கைக்கு ஆகாது. ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலுமினியத்தில் சுமார் 4 சதவீதம் தாமிரமும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்து, சூடாக்கித் தண்ணீரில் தோய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சோதித்தபோது சுமாராக இருந்த துண்டு, திங்கட்கிழமை வந்து பார்க்கையில் பலமடைந்திருந்தது என்று உலோகவியல் வகுப்புகளில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். யாரும் தொடாமலேயே, இரண்டு நாளில், உலோகம் தானாக முதிர்ந்திருக்கிறது. தாமிர அணுக்கள் மெல்லக் கூடிச் சின்னச் சின்னத் திட்டுகளாகி, உலோகப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் தடுத்துவிடுகின்றன. 1909-க்குள் காப்புரிமை, பெயர் டூராலுமின்.

முதலில் அதை வாரி எடுத்துக்கொண்டது விமானம் இல்லை, செப்பலின் நிறுவனத்தின் வான்கப்பல். அந்த நிறுவனத்தில் 1910-ல் சேர்ந்த இளம் பொறியாளர் கிளாட் டோர்னியர், உலோகத்தை மெல்லிய தகடாக மடித்து வலுவாக்கும் வித்தையில் கைதேர்ந்தார். 1918-ல் அவர் செய்த டி-1 போர் விமானத்தின் இறக்கைக்கு வெளித் தாங்கிகள் கிடையாது; தோல் தகடே சுமையைப் பகிர்ந்துகொண்டது. பின்னாளில் கான்பூரில் உருவான விமானத்தில் ஒட்டியிருக்கும் பெயர் இவருடையதுதான்.

இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கையை உடைத்துவிடலாம். ‘அலுமினியம் இலேசு, எஃகு வலுவு’ என்று பள்ளியில் படித்ததோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். 7075 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை, சாதாரணக் கட்டுமான எஃகைவிடக் கூடுதல் இழுவிசையைத் தாங்கும்; எடையோ மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். எடைக்கு எடை ஒப்பிட்டால் வலிமை ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் விறைப்பை எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகு, அலுமினியம், டைட்டானியம் மூன்றும் கிட்டத்தட்ட சமம்! அலுமினியத்தின் உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது: அதே எடையில் மூன்று மடங்கு தடிமனான தகடு கிடைக்கிறது. தடிமனான தகடு எளிதில் நெளியாது. மெல்லிய கட்டமைப்புகள் பெரும்பாலும் உடைந்து வீழ்வதில்லை, நெளிந்துதான் வீழ்கின்றன.

நெளிவு பற்றிய பயத்தைத் தெளியவைத்தவர் ஹெர்பர்ட் வாக்னர். ஸ்பாரின் நடுத்தகடு மிக மெல்லியதாக இருந்தால் சுமையில் சாய்வாகச் சுருக்கம் விழும். பார்ப்பவர் ‘போச்சு’ என்பார். வாக்னர் 1929-ல் வெளியிட்ட ஆய்வில் போகவில்லை என்று நிரூபித்தார். சுருக்கம் விழுந்த பிறகும் தகடு, மூலைவிட்டமாக இழுத்துக் கட்டிய கயிறுகளைப்போல வேலை செய்து சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பட்டைகளும் செங்குத்துத் தாங்கல்களும் உறுதியாக இருந்தால் போதும். அதன் பிறகு விமானத் தகடுகள் இன்னும் மெலிந்தன. நெய்வேலி பூமின் குறுக்குச் சட்டங்கள் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றனவோ, அதே திசையில் வாக்னரின் தகடு தானாகச் சுருக்கம் விழுத்திக்கொள்கிறது. சுரங்கத்தில் கண்ணுக்குத் தெரியும் சட்டம், இறக்கையில் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

முப்பது கிலோ

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? உடைத்துப் பார்ப்பார்கள். புது விமானம் ஒன்றைக் கொட்டகையில் கட்டிப்போட்டு, இறக்கைகளை ஹைட்ராலிக் ஜாக்கிகளால் மேலே வளைத்துக்கொண்டே போவார்கள். பறக்கும் வாழ்நாளில் வரக்கூடிய அதிகபட்சச் சுமையின் ஒன்றரை மடங்கை மூன்று விநாடி தாங்க வேண்டும். 1995 ஜனவரியில் போயிங் 777-ன் இறக்கை 154 சதவீதத்தில், வெடிச் சத்தத்தோடு முறிந்தது. பொறியாளர்கள் கைதட்டினார்கள். தேவைக்கு மேல் நான்கு சதவீதம் மட்டுமே. அதாவது வீணாகப் போட்ட உலோகம் அநேகமாக இல்லை. 300 சதவீதம் தாங்கியிருந்தால் அது தோல்வி. அவ்வளவு எடையையும் விமானம் காலமெல்லாம் சுமந்து திரிந்திருக்கும்.

2006 பிப்ரவரியில் துலூஸ் நகரில் ஏர்பஸ் ஏ380-க்கு இதே சோதனை. இறக்கை 1.45 மடங்கில் உடைந்தது. 1.5-க்குக் கொஞ்சம் குறைவு. 560 டன் எடையோடு எழும்பும் உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானத்துக்கு, குறையைச் சரிசெய்ய ஏர்பஸ் சேர்த்த உலோகம் சுமார் 30 கிலோ. ஒரு பயணியின் பெட்டி அளவு. சரியான இடம் தெரிந்தால் முப்பது கிலோ போதும். தெரியாவிட்டால் மூன்று டன் போட்டாலும் தப்பான இடத்தில் தூங்கும்.

சுரங்க எந்திரங்களுக்கும் எடைத் தேர்வு உண்டு. பக்கெட் வீல் எந்திரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, மொத்த எடையும் எடைமையமும் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது உலக வழக்கம். ஏனென்றால் வயதாக ஆக எந்திரத்துக்குத் தொப்பை போடும். வெடித்த இடத்தில் ஒட்டுத் தகடு, புது மேடை, புது கேபிள், அடுக்கடுக்காகப் பெயின்ட். மழைக்காலத்தில் களிமண் வாளிகளிலும் சட்டங்களிலும் அப்பிக்கொண்டு காய்ந்துவிடும். அதற்கும் வடிவமைப்பில் தனிச் சுமைக் கணக்கு உண்டு. விமானத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது இறக்கையில் உறையும் பனி. பயணிகள் விமானங்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எடை போடுகிறார்கள். கூடுவது பெரும்பாலும் இதே சமாசாரங்கள்தான்: பழுது பார்த்த தகடு, பெயின்ட், படிந்த அழுக்கு.

சிவப்புக் கோடு

வலிமைக் கணக்கு மட்டும் போதுமென்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஒருமுறை வரும் பெருஞ்சுமையைவிடப் பயங்கரமானது, லட்சக்கணக்கான முறை வரும் சின்னச் சுமை.

நெய்வேலிக்கு இது பழக்கமான தலைவலி. நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்த கதை டவுன்ஷிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்; 1956-ல் நிறுவனம் உருவானதும், 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும், 1961-ல் நிலக்கரி முகம் காட்டியதும் தெரியும். இடையில் பொறியாளர்கள் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நிலக்கரிக்கு மேலே கிடந்தது ஜெர்மனியின் இளகிய மண் இல்லை, கடலூர் மணற்பாறை. வாளிப் பற்களை அரம் போலத் தேய்த்துத் தின்றுவிடும். வெடிவைத்துத் தளர்த்திய பிறகே தோண்ட வேண்டிய இடங்கள் பல. ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் ஐந்தரை கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டிய ஊர் இது. ஒவ்வொரு வாளியும் கெட்டி மண்ணில் மோதும்போது ஒரு குலுக்கல். அந்தக் குலுக்கல் பூமின் வழியே ஒவ்வொரு வெல்டிங்குக்கும் போகிறது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று நாள் முழுக்க.

கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் உடைந்துவிடுவதைப் போல உலோகமும் களைத்துப்போகும். உடைவு தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒரு துளை, ஒரு மூலை, ஒரு வெல்டிங் ஓரம். தகட்டில் வட்டமாக ஒரு துளை போட்டால், துளையின் ஓரத்தில் விசை மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் என்ற ஜெர்மானியர் 1898-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். இறக்கையில் ரிவெட் துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

1945 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு ஸ்டின்சன் பயணிகள் விமானத்தின் இறக்கை நடுவானில் பிய்ந்து, பத்துப் பேர் இறந்தார்கள். ஸ்பாரின் கீழ்க் குழாயிலிருந்த வெல்டிங் இணைப்பில் களைப்பு விரிசல். உலகம் உலோகக் களைப்பைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எழுபது வருடம் கழித்தும் பாடம் முடியவில்லை. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில், விமானப் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் பைப்பர் விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் இடது இறக்கையை இழந்தது. மாணவரும் தேர்வாளரும் பலியானார்கள். ஸ்பாரின் கீழ்ப்பட்டையில், ஒரு போல்ட் துளையில் தொடங்கிய விரிசல். விமானத்துக்கு அப்போது பதினோரு வயதுதான். பயிற்சி விமானம் என்பதால் ஏறி இறங்கி, தரையில் தடதடவென்று மோதி, வயதைவிட வேகமாகக் களைத்திருந்தது. உலோகத்துக்கு வயது ஆண்டில் இல்லை. உலுக்கலின் எண்ணிக்கையில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. ஏ380 இறக்கைகளின் உள்ளே, விலா எலும்பு போன்ற தடுப்புகளைத் தோலோடு சேர்க்கும் சிறு அலுமினியப் பாதங்களில் விரிசல்கள் இருப்பது 2012-ல் தெரியவந்தது. எடை குறைக்க ஆசைப்பட்டு, வலிமை மிகுந்த ஆனால் சகிப்புத்தன்மை குறைந்த கலவையைத் தேர்ந்திருந்தார்கள். பிறகு கலவையை மாற்றினார்கள். வலிமை எண் மட்டும் பார்த்து உலோகம் வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த சான்று கிடையாது.

விரிசலைப் பிடிப்பது எப்படி? எளிய முறை ஒன்றைப் பார்க்கலாம். வெல்டிங் ஓரத்தைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளிக்கிறார்கள். பத்து, பதினைந்து நிமிடம் காத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பிளவுக்குள் சாயம் ஊறும். மேலே இருப்பதைத் துணியால் நன்கு துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் பூசுகிறார்கள். எல்லாம் வெள்ளையாகவே இருந்தால் நிம்மதி. சற்று நேரத்தில் வெள்ளையின் நடுவே தலைமுடி அளவுக்குச் சிவப்புக் கோடு ஒன்று கசிந்து எழும்பினால், வேலை நிற்கும். சுரங்கப் பணிமனையிலும் விமானக் கொட்டகையிலும் இது ஒரே சோதனை, ஒரே டப்பா, ஒரே பதற்றம். இதற்கு மேல் அல்ட்ராசோனிக், எஃகுக்குக் காந்தத்தூள், அலுமினியத்துக்கு எடி கரென்ட் என்று கருவிகள் இருக்கின்றன. ஆனால் நல்ல கண்ணும் பொறுமையும் உள்ள ஆள் இல்லையென்றால் கருவி பிரயோசனப்படாது.

சிதம்பரத்தில் பிசையப்படும் அலுமினியம்

துளைதான் விரிசலின் தாய்வீடு என்றால், ரிவெட்டை விட்டுவிட்டு வெல்டிங் செய்துவிடலாமே என்று நெய்வேலி வெல்டர் எவரும் கேட்பார். நியாயமான கேள்வி. 7075 போன்ற கலவைகளை உருக்கி வெல்டிங் செய்தால், ஆறும்போதே வெடித்துவிடும். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக ரிவெட்.

1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள வெல்டிங் ஆய்வு நிறுவனம் ஒரு மாற்று வழியைக் கொண்டுவந்தது. உருக்குவதே கிடையாது. சுழலும் எஃகு முளை ஒன்றை இரு தகடுகளின் சேர்க்கையில் அழுத்தி நகர்த்தினால், உராய்வுச் சூட்டில் உலோகம் இளகுமே தவிர உருகாது. இளகிய இரு பக்கங்களையும் முளை பிசைந்து ஒன்றாக்கிவிடும். உராய்வுக் கலப்பு வெல்டிங் என்று அழைக்கலாம்; ஆய்வகத்தில் எஃப்.எஸ்.டபிள்யூ. என்றால் போதும். 2006-ல் அமெரிக்காவில் சான்று பெற்ற எக்லிப்ஸ் 500 என்ற சிறு ஜெட், ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தியது. நிறுவனம் பிறகு திவாலானது தனிக்கதை, தொழில்நுட்பம் பிழைத்துக்கொண்டது.

இந்த வெல்டிங்கைப் பற்றி ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளை எழுதியிருப்பவர்கள் நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில், ‘செமஜார்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருள் இணைப்பு ஆய்வு மையம் இருக்கிறது. முளையின் வடிவம், சுழற்சி வேகம், நகரும் வேகம், அழுத்தம் என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி, விமானத் தர அலுமினியக் கலவைகளில் எந்தச் சேர்க்கை வலுவான இணைப்பைத் தருகிறது என்று ஆண்டுக்கணக்கில் சோதித்த இடம். உலகின் எந்த மூலையில் இந்த வெல்டிங்கைப் படிப்பவரும் இங்கிருந்து வெளியான தாள்களைப் புரட்டாமல் இருக்க முடியாது. சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் நடராஜரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால், உள்ளூரிலேயே இது பலருக்குத் தெரியாது.

உலோக ஸ்பாரின் காலம் முடிந்துவிட்டதா என்ற கேள்வியும் நிற்கிறது. போயிங் 787-ன் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை. நம் தேஜஸ் விமானத்தின் இறக்கையும் பெரும்பாலும் அதுதான். கோவையிலுள்ள எல் அண்ட் டி வளாகம் தேஜஸ் மார்க் 1ஏ-க்கான முதல் இறக்கைத் தொகுதியை 2025-ல் எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது. ஆனால் கார்பன் இறக்கையும் உடலோடு சேரும் இடத்தில் உலோகத்தைத்தான் நம்புகிறது. 787-லேயே அலுமினியம் 20 சதவீதம், டைட்டானியம் வேறு. பயிற்சி விமானங்கள், 19 இருக்கை விமானங்கள், சரக்கு விமானங்கள் இன்னும் பல பத்தாண்டுகள் அலுமினிய ஸ்பாரில்தான் பறக்கும். புது விமானம் வரட்டும். பறந்துகொண்டிருக்கும் பழைய விமானங்களின் துளைகளை யார் பார்ப்பது?

இங்கேதான் அரசின் பட்டியலில் ஒரு விடுபடல் கண்ணை உறுத்துகிறது. 2019-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். கடலூர் மாவட்டம் அதில் இல்லை. பெரிய தொழிற்சாலைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் போட்ட பட்டியல் அது. கனத்த கட்டமைப்புகளில் விரிசல் தேடியே பழகிய கண்களும், அலுமினிய இணைப்பில் ஊறிய ஆய்வகமும் ஒரே மாவட்டத்தில் இருப்பதை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நெய்வேலியில் விமானம் கட்ட முடியாது. அந்தப் பகட்டுக் கனவை யாரும் விற்க வேண்டாம். ஆனால் விமானப் பாகங்களில் விரிசல் கண்டுபிடிக்கும் ஆட்களை உருவாக்க இதைவிடப் பொருத்தமான ஊர் மாநிலத்தில் அதிகம் இல்லை. சுரங்கத்தில் எந்திரப் பராமரிப்பில் வளர்ந்த குடும்பங்கள், மகன் டிப்ளமோ முடித்ததும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பிவைக்கின்றன. அங்கே அவர்கள் செய்வதும் பல நேரம் எண்ணெய்க் குழாய்களில் இதே சோதனைதான்.

என்.எல்.சி. நிர்வாகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கோரிக்கை வைக்கலாம். அடுத்த முறை பழைய பக்கெட் வீல் எந்திரம் ஒன்றை எடைக்குப் போடும் முன், அதன் பூமில் ஒரு பத்தடித் துண்டை அறுத்து எடுத்து வையுங்கள். ஓய்வு பெற்ற சிறு விமானம் ஒன்றின் ஸ்பாரை வாங்கி அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் திறந்து, துளைகளையும் வெல்டிங்குகளையும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் கையால் தொட்டு, சாயம் அடித்துச் சோதிக்க விடுங்கள். செலவு அதிகமில்லை, துண்டு இரும்பாகப் போனால் கிடைக்கும் பணத்தைத்தான் இழப்பீர்கள்.